ஒரு ஜெனரேட்டரும் ஒரு மஞ்சள் கேனும்

1

சென்ற வியாழக்கிழமை எங்கள் கிடங்கிலிருந்து தார் எஸ் சலாம் துறைமுகத்துக்குப் புறப்பட்ட கன்டெய்னரில் ஒரே ஒரு ஜெனரேட்டர்தான் இருந்தது. அதன் கைப்பிடியில் ஒரு காலி மஞ்சள் கேனை நைலான் கயிற்றால் கட்டியிருந்தார்கள். கேனின் மேல் கறுப்பு மையில் ‘நீமா’ என்று ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதியிருந்தது.

கிடங்கில் ஏற்று வேலையைப் பார்த்துக்கொள்ளும் சேவியர் அண்ணன் தூத்துக்குடிக் கடற்கரைக்காரர். அவர் அந்த ஜெனரேட்டரைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு என்னிடம் வந்தார்.

“தங்கச்சி, இது ஒண்ணுதானா? மிச்சம் பின்னால வருதா?”

“இது ஒண்ணுதானுங்கண்ணா. இனிமே வராது.”

“அப்பம் மெத்தையெல்லாம் எது மேல வைக்கது?”

கேலியாகத் தொனித்தாலும் அது தொழில்முறைக் கேள்விதான். எங்களுடையது பங்குக் கன்டெய்னர். தனியாக ஒரு கன்டெய்னரை நிரப்ப முடியாத சிறு வியாபாரிகள் நான்கைந்து பேர் சேர்ந்து இடத்தைப் பங்கிட்டுக்கொள்வார்கள். கனமான சரக்கு தரையில், இலேசானது மேலே. பல ஆண்டுகளாக அந்தக் கன்டெய்னரின் தரை முழுவதும் ஒரே பெண்மணியின் ஜெனரேட்டர்களாக இருந்தது. மற்றவர்களின் மெத்தையும் பிளாஸ்டிக் குடமும் குழந்தைத் துணியும் அவற்றின் மேல் ஏறித்தான் கடல் கடந்தன.

அந்தத் தரை ஏன் காலியானது என்பதைத்தான் ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன். ஒரு நாடு நன்றாக ஆளப்படத் தொடங்கினால் என்ன நடக்கும் என்பதைப் பற்றிய கதை இது. மகிழ்ச்சியான கதை என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

2

ஷார்ஜாவின் தொழிற்பேட்டைப் பகுதியில், பழைய வாகன உதிரிபாகக் கடைகளுக்கு நடுவே எங்கள் சரக்கு நிறுவனம் இருக்கிறது. நான் படித்தது பொருளியல். வளரும் நாடுகளில் ஆட்சிமுறையும் பொருளாதாரக் கொள்கையும் என்பது என் முதுகலை ஆய்வேட்டின் பொருள். ஆப்பிரிக்க நாடுகளைப் பற்றி அதில் ஒரு நீண்ட அத்தியாயம் எழுதினேன். எந்த ஆப்பிரிக்கரையும் பார்க்காமல் எழுதிய அத்தியாயம் அது. இங்கே என் வேலை ஏற்றுமதி ஆவணங்கள் தயாரிப்பது. ஆய்வேட்டில் பெயராக மட்டும் வந்த நாடுகளின் வியாபாரிகள், இப்போது என் மேசைக்கு எதிரே அமர்ந்து தேநீர் குடிக்கிறார்கள்.

மமா நீமா டான்சானியாவின் ஏரிக்கரைச் சிறுநகர் ஒன்றிலிருந்து ஆண்டுக்கு இரண்டு முறை வருவார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். துபாயின் தேய்ராவில் மலிவான ஓட்டல் ஒன்றில் தங்கிக்கொண்டு, பழைய ஜெனரேட்டர் விற்கும் கடைகளில் ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்து, ஓசையைக் கேட்டு வாங்குவார். வாங்கிய ஒவ்வொன்றுக்கும் ஒரு மஞ்சள் கேன். காலிக் கேன்கள் அவருடைய ஊரிலேயே கிடைக்குமே என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். “கேன் இல்லாமல் நான் ஜெனரேட்டர் விற்பதில்லை” என்பார். அந்தக் கேன் நிறைய டீசல் ஊற்றிக் கொடுத்த பிறகுதான் அவருடைய கடையிலிருந்து ஜெனரேட்டர் வெளியே போகுமாம்.

“உலகத்துல காத்த ஏத்துமதி பண்ணுத ஒரே ஆளு இந்தம்மாதான்” என்பார் சேவியர் அண்ணன். “கேனுக்குள்ள காத்து. அதுக்கும் எட வாடக.” மமா நீமாவுக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது, “உங்கள் கேப்டனிடம் சொல், ஷார்ஜா காற்று எங்கள் ஊரில் நல்ல விலைக்குப் போகிறது” என்றார். அன்றிலிருந்து அவருக்கு அண்ணன் ‘கேப்டன்’.

மமா என்றால் சுவாஹிலியில் அம்மா. பிள்ளை பிறந்த பிறகு ஒரு பெண்ணை அவளுடைய சொந்தப் பெயரால் அழைப்பது அவர்கள் பக்கத்தில் மரியாதையாகாது. மூத்த பிள்ளையின் பெயரைச் சேர்த்து, இன்னாரின் அம்மா என்றே அழைப்பார்கள். அதனால் முதல் சந்திப்பிலேயே அவர் என் மகளின் பெயரைக் கேட்டார். அந்த நொடியிலிருந்து நான் ‘மமா தாரிணி’ ஆனேன். எனக்கு ஒரு பெயர் இருப்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. எனக்கும் அவருடைய பெயர் கடவுச்சீட்டில் மட்டும்தான் தெரியும்.

எங்கள் கோயமுத்தூர்ப் பக்கம் யாரைப் பார்த்தாலும், “பசங்கெல்லாம் நல்லா இருக்காங்களா?” என்று கேட்காமல் பேச்சைத் தொடங்க மாட்டோம். பிள்ளையின் பெயரையே தன் பெயராகச் சுமந்து வருகிறவரிடம் அதைக் கேட்காமல் எப்படி இருப்பது? ஒவ்வொரு வருகையிலும் கேட்டேன். பள்ளியில் சேர்த்தாகிவிட்டதா, என்ன வகுப்பு, கணக்கு வருகிறதா. அவர் பதில் சொல்வதற்கு முன் சற்று நேரம் சன்னலுக்கு வெளியே பார்ப்பார். நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது இரவல் ஆங்கிலம். சொல் தேடுகிறார் என்று நினைத்துக்கொள்வேன். “போகிறாள்.” “கணக்கு வரவில்லை. நன்றாகப் பாடுகிறாள்.” இவ்வளவுதான் சொல்வார். உடனே, “தாரிணி எப்படி?” என்று திருப்பிக் கேட்பார்.

தாரிணியைவிட நீமா ஒரு வயது மூத்தவள் என்று ஒருமுறை சொன்னார். அதன் பிறகு தாரிணிக்கு வாங்கும்போது நீமாவுக்கும் ஒன்று வாங்குவது எனக்கு வழக்கமாயிற்று. வண்ணப் பென்சில், மழைக்கோட்டு, ஜியாமெட்ரி பாக்ஸ். அவர் ஒவ்வொன்றையும் இரண்டு கைகளாலும் வாங்கி, உடைகளுக்கு நடுவே வைத்து, பெட்டியை அதன் பிறகே பூட்டுவார்.

3

ஜெனரேட்டர் ஓசை எனக்குப் புதிதல்ல. என் கணவருக்குக் கோயமுத்தூர் கணபதியில் ஒரு சிறிய லேத் பட்டறை இருந்தது. பம்பு செட்டுகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் வேலை. மூன்று இயந்திரங்கள், நான்கு ஆட்கள். பிறகு அந்த மின்வெட்டுக் காலம் வந்தது. அதை அனுபவித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத மின்சாரத்துக்காக ஆட்கள் பட்டறை வாசலில் காத்துக் கிடந்தார்கள். பாதி கடைந்த ஷாஃப்ட் இயந்திரத்தின் வாயிலேயே நின்றிருக்கும். ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தோம். டீசலுக்குப் போக மிஞ்சியதில் கூலி கொடுக்க முடியவில்லை. பெரிய ஆலைகள் தாங்கின. எங்களைப் போன்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஷட்டரை இறக்கினோம்.

அபுதாபிப் பக்கம் ருவைஸில் ஒரு சுத்திகரிப்பு ஆலையின் பராமரிப்புப் பிரிவில் அவருக்கு வேலை கிடைத்தது. எனக்கும் மகளுக்கும் அங்கே குடும்ப விசா அமையவில்லை. நான் ஷார்ஜாவில் வேலை தேடிக்கொண்டேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவர் பேருந்தில் வருகிறார். பாலைவன நெடுஞ்சாலையில் அரை நாள் பயணம். ஒரே நாட்டுக்குள் இருந்துகொண்டும் நாங்கள் ‘லீவு’க்குத்தான் சந்திக்கிறோம்.

சில ஆண்டுகள் கழித்து ஊரில் மின்சாரம் சீரானது. புதிய மின் நிலையங்கள், காற்றாலைகள், மின்தடங்கள். செய்தியைப் படித்த அன்று நான் அவருக்குத் தொலைபேசியில் உற்சாகமாகச் சொன்னேன்.

“அப்படிங்களா, நல்லதுதான்” என்றார். சற்றுப் பொறுத்து, “ஆளுக எல்லாம் எங்க போனாங்கன்னே தெரியலியே, கண்ணு” என்றார்.

விடுமுறையில் போனபோது பட்டறை இருந்த கட்டடத்தைப் பார்த்துவிட்டு வந்தார். ஏதோ ஒரு நிறுவனத்தின் மசாலாப் பொட்டலக் கிடங்காகியிருந்ததாம். “உள்ள பகல்லயும் லைட் எரியுதுங். ஒரு தடவ கூட அணையல” என்று மட்டும் சொன்னார். அந்தக் கட்டடத்தைப் பற்றி அவர் பேசியது அதுதான் கடைசி.

4

இந்த ஆண்டு தாரிணியின் பள்ளியில் ஒரு கருத்தரங்கு. ஆப்பிரிக்க நாடுகளின் வளர்ச்சிக்கு நல்லாட்சியும் பொருளாதாரக் கொள்கையும் எப்படிக் காரணமாகின்றன என்பது அவளுக்குக் கொடுத்த தலைப்பு. தன் ஆய்வுப் பொருள் மகளின் பாடமாகித் திரும்பி வரும்போது ஒரு தாய்க்கு ஏற்படும் பெருமையை மறைக்க மாட்டேன். தமிழில் விளக்கத் தொடங்கினேன். இரண்டாவது வாக்கியத்திலேயே அவள் கையை உயர்த்தினாள்.

“அம்மா, ப்ளீஸ், இங்கிலீஷ்ல சொல்லுங்க. ‘கொள்கை’ன்னா என்ன? கொலுசு மாதிரி இருக்கு.”

அவளுடைய அப்பா அன்று வீட்டில் இருந்தார். சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

அவள் தயாரித்த உரை நன்றாகத்தான் இருந்தது. ஊழல் குறைந்தால் முதலீடு வரும். துறைமுகம் ஒழுங்கானால் வாணிபம் பெருகும். மின்சாரம் நிலைத்தால் தொழில் தழைக்கும். எல்லாம் நான் எழுதியவைதான். என் ஆய்வேட்டின் குரல், வேறு உச்சரிப்பில்.

“அந்த மாத்தத்துல நட்டப்படறவங்களும் இருப்பாங்க இல்லீங்களா, கண்ணு?” என்று கேட்டார் அவர்.

“யெஸ்ப்பா, பட் ஷார்ட் டெர்ம்தான். ஓவரால் கெயின்.”

அவர் தலையசைத்தார். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். பட்டறை மூடியபோது தாரிணிக்கு நடக்கத் தெரியும், பேசத் தெரியாது. ‘ஷார்ட் டெர்ம்’ என்று அவள் சொன்ன அந்தக் குறுகிய காலத்துக்குள்தான் தன் வாழ்க்கை முழுவதும் நடந்திருக்கிறது என்று அவளுக்கு இன்னும் தெரியாது. அவளைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. இதையேதான் நானும் எழுதிப் பட்டம் வாங்கினேன்.

5

ஒரு நாட்டின் ஆட்சி மாறுவதை நாளேடு சொல்வதற்கு முன் என் மேசைக்கு வரும் சரக்குப் பட்டியல் சொல்லிவிடும். முன்பெல்லாம் அந்த வழியில் போகும் சரக்கு துறைமுகத்தில் எப்போது விடுபடும் என்பது, அங்கே யார் யாரைக் கவனித்தார்கள் என்பதைப் பொறுத்தது. பிறகு எல்லாம் கணினிக்கு மாறியது. ஆவணம் சரியாக இருந்தால் சரக்கு விடுபட்டது. கவனிப்புக் கூலிக்கென்று வியாபாரிகள் எங்களிடம் தனியே கொடுத்துவைக்கும் உறை நின்றது. சரக்கு வகைகளும் மாறின. வெல்டிங் இயந்திரம், மாவு அரைக்கும் மோட்டார், ஐஸ் பெட்டி. ஒருநாள் ஒரு பெண் அழகு நிலையத்துக்கென்று அட்டைப்பெட்டி நிறைய ஹேர் டிரையர் கொண்டுவந்தார். ஹேர் டிரையர் கேட்கும் ஊரில் மின்சாரம் நிலைத்துவிட்டது என்று பொருள். எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. புத்தகத்தில் படித்தது ஒரு முறையாவது நடந்துவிட்டதே என்ற நன்றி அது.

ஜெனரேட்டர் வாங்குகிறவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். அவற்றுக்கு அளித்திருந்த இறக்குமதிச் சலுகையையும் அங்கே நீக்கிவிட்டார்கள். சலுகை மோட்டார்களுக்குப் போனது. சரியான முடிவு. என்னிடம் கேட்டிருந்தால் நானும் அதையே பரிந்துரைத்திருப்பேன்.

மமா நீமா மட்டும் தொடர்ந்து ஜெனரேட்டர்களையே வாங்கினார். எண்ணிக்கை குறைந்தது. ஆனால் வருகை நிற்கவில்லை. போன தடவை அனுப்பியவை அவருடைய கடையில் அப்படியே நிற்கின்றன என்று வேறொரு வியாபாரி சொன்னார். பிள்ளைகளை வைத்துக்கொண்டு, விற்காத இரும்பில் கைமுதலைக் கொட்டுகிறாரே என்ற கவலை எனக்கு. எங்கள் மேலாளரிடம் சொன்னேன்.

“கஸ்டமர் கேட்டா அனுப்பணும். அட்வைஸ் பண்றது நம்ம சர்வீஸ்ல இல்ல” என்றார். அவர் சொன்னதும் ஒரு கொள்கைதான்.

சொன்னால் நிறுவனம் ஒரு வாடிக்கையாளரை இழக்கும். சொல்லாவிட்டால் அவர் தன் கடையையே இழப்பார். இந்த இரண்டையும் எடை போட்டுக்கொண்டு சில வாரங்களைக் கழித்தேன். அடுத்த முறை வரும்போது சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

6

அவர் வந்த அன்று தேநீர் வரவழைத்தேன். நீமாவுக்கென்று வாங்கிவைத்திருந்த கால்குலேட்டரை முதலில் மேசைமேல் வைத்தேன். பள்ளி இறுதித் தேர்வுக்குத் தாரிணிக்கு வாங்கியபோது கூடவே வாங்கியது. அதன் பிறகு, மனப்பாடம் செய்துவைத்திருந்ததைச் சொன்னேன். உங்கள் பக்கம் மின்சாரம் நிலைத்துவிட்டது. இனி ஜெனரேட்டர் விற்காது. தயவுசெய்து இதை நிறுத்திவிட்டு வேறு சரக்குக்கு மாறுங்கள்.

அவர் பேசியதை எனக்கு வந்த தமிழில் எழுதுகிறேன்.

“எனக்குத் தெரியாதா? எங்கள் ஊர் மருத்துவமனைக்குப் புது மின்கம்பம் நட்டபோது குழிக்குப் பக்கத்தில் நின்றவள் நான். எத்தனை ஆண்டு ஊர்க் கூட்டத்தில் எழுந்து கத்தியிருக்கிறேன் தெரியுமா? ஜெனரேட்டர் விற்கிறவள் மின்சாரம் கேட்கிறாள், பைத்தியம் என்று சிரித்தார்கள்.”

“பிறகு ஏன் வாங்குகிறீர்கள்?”

அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். வழக்கமாகப் பார்க்கும் நேரத்தைவிட அதிக நேரம். பிறகு அந்தக் கால்குலேட்டரை ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார்.

“இதைத் தாரிணிக்கே கொடு. நீமா இல்லை.”

எனக்குப் புரியவில்லை. வெளியூரில் படிக்கிறாளா என்று கேட்டேன். அப்படித்தான் கேட்டேன்.

“பிறந்து சில நாள்தான் இருந்தாள். குறைமாதம். சூடு தரும் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். மின்சாரம் போனது. மருத்துவமனைக் கொட்டகையில் ஜெனரேட்டர் இருந்தது. வெளிநாட்டிலிருந்து யாரோ தானமாக அனுப்பியது, புத்தம் புதிது. டீசல் இல்லை. வந்த டீசலை யாரோ விற்றுவிட்டார்கள். என் கணவர் ஏரிக்கரைக்கு ஓடினார். மீன்பிடிப் படகுக்காரர்கள் தங்கள் எஞ்சினிலிருந்து வடித்துக் கொடுத்தார்கள். ஒரு மஞ்சள் கேன் நிறைய. அவர் அதைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறி வந்தபோது நான் அவளைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தேன்.”

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

“இத்தனை வருடம் ஜெனரேட்டர் விற்றேன், மமா தாரிணி. நீமாவுக்கு இல்லாமல் போனது ஜெனரேட்டர் அல்ல என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேன்.”

அதன் பிறகு அவருக்கு இரண்டு மகன்கள் பிறந்தார்கள். பெயரை மாற்றிக்கொள், மகன் பெயரைச் சேர்த்து அழைக்கிறோம் என்று உறவினர் சொன்னார்களாம். அவர் இணங்கவில்லை. மூத்தவள் அவள்தானே.

“அப்படியானால் நான் கேட்டபோதெல்லாம்...” என்று தொடங்கினேன்.

“முதல் தடவை சொல்லிவிடத்தான் நினைத்தேன். ‘நீமா பள்ளிக்குப் போகிறாளா?’ என்று கேட்டாய். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் கேட்பதில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், அவளைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். நீ கேட்டாய். ‘போகிறாள்’ என்று வாயில் வந்துவிட்டது. அன்று ஓட்டலுக்குப் போய் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அடுத்த முறை விமானத்தில் வரும்போதே யோசிக்க ஆரம்பித்தேன். இந்த வருடம் எந்த வகுப்பு? பல் விழுந்திருக்குமா? கணக்கு வருமா? நீ கேட்பாயே.”

“நான் கொடுத்ததெல்லாம்...”

“எல்லாம் இருக்கிறது. யாருக்கும் கொடுக்கவில்லை. அவளுடையது அல்லவா?”

வேறு சரக்கு வாங்க வரலாமே என்றேன். ஐஸ் பெட்டி, ஹேர் டிரையர், எதுவானாலும் நான் தேடித் தருகிறேன் என்றேன். என் குரலே எனக்குக் கெஞ்சலாகக் கேட்டது. அவர் மறுத்துத் தலையசைத்தார்.

“என் தம்பிகள் சீனாவிலிருந்து நேராகவே வரவழைக்கிறார்கள். போனில் பேசுகிறார்கள், சரக்கு வந்துவிடுகிறது. துறைமுகம் நன்றாகிவிட்டது, சாலை நன்றாகிவிட்டது. ஒரு ஆள் நேரில் வந்து பார்க்க வேண்டியதில்லை. இந்தத் தடவை விசாவுக்கே ஜெனரேட்டர் வாங்க என்றுதான் எழுதினேன். இனி அதையும் எழுத முடியாது. வேறு என்ன எழுதுவேன்?”

விசா விண்ணப்பங்களை நான் நிறையப் பூர்த்தி செய்திருக்கிறேன். வருகையின் நோக்கம் என்ற கட்டத்தில் சுற்றுலா, வணிகம், உறவினரைப் பார்த்தல், மருத்துவம் என்றெல்லாம் எழுதலாம். என் மகள் எப்படி இருக்கிறாள் என்று யாராவது கேட்பதற்காக என்று எழுத அதில் இடமில்லை.

ஒரே ஒரு ஜெனரேட்டர் வேண்டும் என்றார். நல்லதாக, பெரியதாக. அவருடைய ஊர் மருத்துவமனைக்கு.

“மின்சாரம்தான் வந்துவிட்டதே?”

“வந்துவிட்டது. இப்போதிருக்கும் அதிகாரி நல்லவர், டீசல் கணக்கை வாசலிலேயே எழுதிப் போடச் சொல்லிவிட்டார். அடுத்து வருகிறவர் எப்படியோ! ஒன்று நிற்கட்டும். கேனில் நானே டீசல் ஊற்றுவேன்.”

நல்லாட்சியைப் பற்றி நான் எழுதிய அத்தியாயத்தில் நிறுவனங்களின் நீடிப்பு என்று ஒரு நீளமான பகுதி உண்டு. அது கேட்கும் கேள்வியும் இதுதான்: இந்த அதிகாரி போன பிறகு என்னவாகும்?

வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். மேசைமேல் கிடந்த கால்குலேட்டரை இரண்டு கைகளாலும் எடுத்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். என்னைப் பார்க்கவில்லை. வெளியே சேவியர் அண்ணன், “என்ன மமா, இந்த வாட்டி காத்து எத்தன கேனு?” என்று கேட்பது காதில் விழுந்தது. மமா நீமா ஒரு விரலை உயர்த்திக் காட்டியதைச் சன்னல் வழியாகப் பார்த்தேன்.

7

அந்த வார இறுதியில் ருவைஸிலிருந்து வந்த கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாரிணியும் உடன் இருந்தாள். அவர், “அந்தக் கேன நல்லா இறுக்கிக் கட்டச் சொல்லு. கப்பல்ல ஆடும்” என்றார்.

தாரிணி தன் அறைக்குப் போனாள். சற்று நேரத்தில் திரும்பி வந்து, “அம்மா, நீமான்னா என்ன மீனிங்?” என்று கேட்டாள். அருள் என்று சொன்னேன். அந்தத் தமிழ்ச் சொல் அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. அவள் ஆங்கிலத்தில் கேட்கவில்லை, நானும் மாற்றிச் சொல்லவில்லை. தன் உரையில் எதையாவது திருத்தினாளா என்றும் நான் பார்க்கவில்லை. திருத்த வேண்டிய பிழை அதில் இல்லை. மின்சாரம் வந்தது நல்லது. உறை நின்றது நல்லது. சூடு தரும் அந்தப் பெட்டிக்குள் இன்று படுத்திருக்கும் வேறொருத்தியின் குழந்தைக்கு அது உயிர். இதில் ஒன்றைக்கூட நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூட்டல் கழித்தலில் எந்தப் பக்கத்திலும் வராமல் ஒரு குழந்தை எங்கள் அலுவலகத்தில் வளர்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கு வண்ணப் பென்சில் வாங்கினேன், மழைக்கோட்டு வாங்கினேன். எனக்கும் அவள் இல்லாமல் போய்விட்டாள்.

வியாழனன்று கன்டெய்னருக்கு முத்திரை வைத்த பிறகு மமா நீமா அழைத்தார். அவருடைய கடையிலிருந்து பேசினார். பின்னால் ஒரு மின்விசிறி சீராகச் சுற்றும் ஓசை கேட்டது.

“ஏற்றியாயிற்றா?”

“ஆயிற்று. கேனை அண்ணனே கட்டினார். இரண்டு முடிச்சு.”

“நன்றி சொல் கேப்டனுக்கு. தாரிணி எப்படி?”

“நன்றாக இருக்கிறாள். தேர்வு முடிந்துவிட்டது.”

அதன் பிறகு இருவரும் பேசவில்லை. வேலை முடிந்துவிட்டது, சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாகிவிட்டது. ஆனாலும் அவர் தொலைபேசியை வைக்கவில்லை. காத்திருக்கிறார் என்பது எனக்கு மெல்லப் புரிந்தது. தெரிந்த பிறகும் கேட்கலாமா? அது அவருக்கு நான் செய்யும் பொய்யா, அல்லது என்னால் செய்யக்கூடிய ஒரே மரியாதையா? எடை போட்டுப் பார்க்க எனக்கு நேரமிருக்கவில்லை.

“நீமா எப்படி இருக்கிறாள்?” என்று கேட்டேன்.

அவர் எங்கே பார்க்கிறார் என்று எனக்குத் தெரியாது. அங்கே சன்னல் இருக்கிறதா என்றும் தெரியாது. விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது.

“அவளும் எழுதி முடித்துவிட்டாள்” என்றார். “கணக்குதான் கொஞ்சம் கஷ்டமாம். நல்லவேளை, நீ கொடுத்தது கையில் இருந்தது.”

“அடுத்து என்ன படிக்கப் போகிறாளாம்?”

மூச்சு விடும் ஓசை கேட்டது.

“அதை நான் இன்னும் யோசிக்கவில்லை, மமா தாரிணி. அடுத்த தடவை கேள், சொல்கிறேன்.”